தாராபுரத்தில் அளந்த காளை

ஓய்வு பெற்றவர்களைக் கல்லூரியில் பேசக் கூப்பிட்டால் அதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்கும். வருவதாகச் சொன்ன பெரிய ஆள் கடைசி நேரத்தில் கையை விரித்திருப்பார், அல்லது நாம் பக்கத்திலேயே குடியிருப்போம். போன மாதம் பீளமேட்டில் ஒரு கல்லூரியிலிருந்து என்னைக் கூப்பிட்டபோது இரண்டுமே பொருந்தின. அடுத்த தெருதான், நடந்தே போனேன். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் படமும் உருவங்களும் செய்யப் படிக்கிற பிள்ளைகள் ஒரு கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் அவர்களுடைய டிராயிங் ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், முதல் ரெண்டு வருசமும் எங்களப் பென்சில்லயே உக்கார வெச்சுட்டாங்க. கேம் ஆர்ட்டிஸ்ட் ஆகறதுக்குக் கையில வரையத் தெரிஞ்சே ஆகணுங்களா? இப்பத்தான் வேணுங்கறத எழுதிக் குடுத்தா கம்ப்யூட்டரே வரைஞ்சு குடுத்துருதுங்களே."

கூடமே கைதட்டியது. டிராயிங் ஆசிரியர் கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கோயமுத்தூர் முழுக்கத் தேடினாலும் என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார். அந்தத் தொழிலில் இருந்தவர்களில் என்னைப்போல் மோசமாகப் படம் வரைந்தவர் யாரும் இல்லை. அங்கே அவசரமாக ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். இங்கே சாவகாசமாகச் சொல்கிறேன்.

என் பெயர் சாந்தாமணி. தாராபுரம் பக்கம் பிறந்து, கோயமுத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதலில் ஒரு பம்பு கம்பெனியில் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். பம்புக்குள் சுழலும் சக்கரம், அதன் மூடி, மூடியைப் பிடிக்கும் போல்ட் என்று எதைப் போட்டாலும் பக்கத்தில் அளவு எழுத வேண்டும். அளவு தப்பினால் பட்டறையிலிருந்து ஆள் வந்துவிடுவார். அழகாக இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. அப்படியே பதினைந்து வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டது.

அப்போதுதான் பீளமேட்டில் ஒரு ஸ்டுடியோ தொடங்கினார்கள். இரண்டு மாடிக் கட்டிடம். கீழே வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் போன் விளையாட்டு உருவங்கள் செய்தார்கள். மேலே, கட்டப்போகிற அடுக்குமாடி வீடுகளைக் கட்டி முடித்ததுபோல் காட்டும் படங்களைச் செய்தார்கள். கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவம் செய்யத் தெரிந்தவர்கள் ஊரில் அவ்வளவாக இல்லாத காலம் அது. பம்பு வேலையில் பழகி எனக்குத் தெரியும் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். கீழே போட்டார்கள், ஆனால் தற்காலிகமாக. ஆர்ட்டிஸ்ட் என்று நிரந்தரமாக்குவதைப் பிறகு பார்க்கலாம் என்றார் முதலாளி துரைசாமி சார்.

நான் அங்கே முதலில் செய்தது ஒரு கோழி. கம்ப்யூட்டரில் அதற்கு அசைவு கொடுத்ததும் அது குனிந்து தரையைக் கொத்தியது. நான் செய்த எதுவும் அதற்கு முன்னால் தானாகக் குனிந்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் எழுந்து போன பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இந்த வேலையை இனி விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கீழ்த்தளத்துக்குத் தலைமை ரோஸ்லின் மேடம். அதற்கு முன் ஒரு மிஷன் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தவர். சுருக்கம் விழாத காட்டன் சேலை, காதோரத்தில் எப்போதும் ஒரு பென்சில். காலையில் யாரும் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது, முதல் அரைமணி நேரம் படம் வரைய வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். தினம் ஒருவர் நடுவில் நாற்காலியில் உட்காருவார், மற்றவர்கள் அவரை வரைய வேண்டும். முடிந்ததும் உட்கார்ந்தவர் எல்லாப் படங்களையும் பார்த்துத் தனக்குப் பிடித்த ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். என்னுடையதை யாரும் எடுத்ததில்லை. ஆனால் ஒவ்வொருவரும் அதைக் கையில் எடுத்து, "அக்கா, இது நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கீழே வைப்பார்கள். பிரபு மட்டும், தான் உட்கார்ந்த நாளில், "அக்கா, போல்ட் எங்கெங்க வருமுன்னு குறிச்சுக் குடுத்துட்டீங்கன்னா என்னையப் பம்புல மாட்டிருவாங்க" என்றான். அவன் சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவன், ஸ்டுடியோவில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு தென்னை மரம் கேட்டால் ஒவ்வொரு கீற்றையும் தனித்தனியாக வரைந்து தருவான். அது போனில் கடுகு அளவு தெரியப்போகிறது என்று யாராவது நினைவூட்ட வேண்டும்.

ரோஸ்லின் மேடம் வேலையைப் பார்க்கிற முறையே தனி. கம்ப்யூட்டர் திரையில் பார்க்க மாட்டார். நாம் செய்த உருவத்தை அச்செடுத்து வாசல் பக்கத்துச் சுவரில் ஒட்டச் சொல்வார். பிறகு கூடத்தின் மறுகோடியில் தண்ணீர் கேன் இருக்கிற இடம்வரைக்கும் நடந்து போய், அங்கே நின்று திரும்பிப் பார்ப்பார். ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார். பிறகு பொறுமையாகத் திரும்பி வந்து, அச்சின் மேல் டிரேசிங் தாளை வைத்து, காதோரப் பென்சிலை எடுப்பார். "ரொம்ப நல்லா இருக்குதுங்க அம்மணி, ஒரு சின்ன டவுட்டு" என்று தொடங்கினால் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும் என்று பொருள். "நல்லா இருக்குதுங்க" என்றால் பாதி. ஒன்றுமே சொல்லாமல் பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டால் பிழைத்தோம். புதிதாக வந்தவர்கள் முதல் மாதம் முழுக்கப் பாராட்டு மழையில் நனைந்துவிட்டு, இரண்டாம் மாதம் விஷயம் தெரிந்து அழுவார்கள்.

இந்த நிலைமையில்தான் ரேக்ளா என்கிற பந்தய மாட்டுவண்டி வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று உலகம் முழுக்க உள்ள கிராமத்துப் பந்தயங்களை வைத்து ஒரு விளையாட்டுச் செய்துகொண்டிருந்தது. பட்டன் போன் காலம், திரையே தீப்பெட்டி அளவுதான். முப்பரிமாணத்தில் காளையைச் செய்து, அது ஓடுவதைப் பக்கவாட்டில் படம் படமாக எடுத்து, சுருக்கி, போனுக்குள் ஏற்ற வேண்டும். இந்த ரேக்ளா நன்றாக வந்தால் குதிரை வண்டி, ஒட்டகப் பந்தயம் என்று மற்றவையும் நமக்கே வரும் என்றார் முதலாளி. அந்த வாரம் ரோஸ்லின் மேடம் அவர்களுடைய தேவாலயத் திருவிழாவுக்காக விடுப்பில் இருந்தார். போகும்போது, "மாடுன்னா அம்மணியே செய்யட்டுங்க, அவங்க ஊருச் சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை பஸ் ஏறித் தாராபுரம் பக்கம் எங்கள் ஊருக்குப் போனேன். அண்ணன் கட்டுத்தறியில் காங்கேயம் காளை ஒரு ஜோடி நின்றது. பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தேன்.

"ஏனம்மணி, மாட்டுக்குச் சட்டை தைக்கப் போறயா?" என்றார் அண்ணன்.

"கம்ப்யூட்டர்ல மாடு செய்யறேனுங்கண்ணா. அளவு சரியா இருக்கோணுமல்ல."

"அதுக்குக் கழுத்தளவு எதுக்கு? பட்டன் வெச்சுத் தைக்கறயா, கொக்கி வெச்சா?"

அவர் கேலி செய்துகொண்டே காளையைப் பிடித்துக்கொண்டார். நான் திமிலை அளந்தேன், கொம்பை அளந்தேன், கழுத்துக்குக் கீழே தொங்குகிற அலைதாடியை அளந்தேன். குளம்பு அளக்கும்போது மட்டும் காளை தன் கருத்தைக் காலால் தெரிவித்தது. திங்கட்கிழமை வந்து உட்கார்ந்து, அளந்தபடியே காளையைச் செய்தேன். குளம்பின் பிளவைக்கூட விடவில்லை. பெரிய திரையில் பார்த்தவர்கள் உண்மையிலேயே அசந்து போனார்கள். எங்கள் அண்ணன் பார்த்திருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்.

அதைச் சுருக்கிப் போனில் ஏற்றி ஓடவிட்டோம். போன் ஒவ்வொரு மேசையாகச் சுற்றி வந்தது. "நல்லாருக்குதுங்கக்கா" என்று ஒருவர் சொல்லி அடுத்தவர் கையில் கொடுத்தார். அவர் "சூப்பருங்க" என்று அடுத்தவரிடம் தள்ளினார். பிரபு கொஞ்ச நேரம் அதிகமாகப் பார்த்தான். பிறகு அவனும் "நல்லாருக்குதுங்கக்கா" என்றான். எல்லோரும் போனை வெகு சீக்கிரமாகக் கைமாற்றுகிறார்களே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மேடம் இல்லாமலே மாதிரியை அனுப்பிவிட்டோம்.

இரண்டு நாளில் பதில் வந்தது. முதலாளி கூடத்தின் நடுவில் நின்று அதைத் தமிழில் சொன்னார்.

"வண்டி ரொம்ப அழகா இருக்குதாமுங்க. சக்கரம், நுகத்தடி எல்லாம் பிரமாதமாம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்காங்க. உங்க ஊருல நாயிதான் வண்டி இழுக்குமான்னு. உங்க பழக்கத்த நாங்க மதிக்கறோம், ஆனா விளையாட்டுல மாடு போட முடியுமான்னு."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரவர் மேசையில் அவசரமாக எதையோ தேடினார்கள். நான் போனை எடுத்துப் பார்த்தேன். இரண்டு நாய்கள் முதுகில் ஏதோ கட்டியோடு ஓடிக்கொண்டிருந்தன. ஒருமுறை நாயாகத் தெரிந்த பிறகு அதை மாடாகப் பார்க்க என்னாலேயே முடியவில்லை.

பிரபுவைத் தனியாகக் கூப்பிட்டேன். "நாய் மாதிரி இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்கக்கா."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாத்துக்குமே தெரியுமுங்க."

"பொறவு ஏஞ்சாமி ஒருத்தருமே வாயத் தொறக்கல?"

"எப்படீங்கக்கா சொல்றது? நீங்க தாராபுரம் வரைக்கும் போயி அளந்துட்டு வந்திருக்கறீங்க. நாயின்னு சொன்னா உங்க அண்ணனுக்கும் சங்கடமுங்க."

வேறு ஊராக இருந்திருந்தால் முதல் மேசையிலேயே யாராவது குரைத்துக் காட்டியிருப்பார்கள். எங்கள் மரியாதை ஒரு ஜோடிக் காளையைக் கடல் தாண்டி நாயாக அனுப்பிவைத்தது.

மாலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவரும் மரியாதை குறைவாகப் பேசுகிறவர் இல்லை. "உங்க கையில குத்தம் சொல்றதுக்கில்லீங்க. அளவுன்னா நீங்கதான். மேல அப்பார்ட்மென்ட் வேலைக்கு உங்களாட்ட ஆளுதான் வேணுமுங்க. சம்பளம் அதேதான். இன்னொருக்காச் செஞ்சு பாருங்க, சரிப்படலீன்னா வர்ற மாசம் மேல போயிருங்க, என்னுங்க?" என்றார். உலகத்தில் எல்லோரும் மேலே போக ஆசைப்படுவார்கள். எனக்கு அந்த ஆசை இல்லை. மேலே போனால் அலமாரி, சிங்க், கக்கூஸ். எல்லாம் அளந்தபடி அசையாமல் நிற்கும். பழைய பம்பு கம்பெனிக்கே திரும்பினதுபோல்தான். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். நாயைப் பற்றி வீட்டுக்காரரிடம் அப்போது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்றைக்கும் சொல்லிக் காட்டிக்கொண்டிருப்பார்.

ரோஸ்லின் மேடம் திரும்பி வந்ததும் என் காளையை அச்செடுத்து ஒட்டி, தண்ணீர் கேன்வரைக்கும் நடந்தார். தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார்.

"ரொம்ப ரொம்ப நல்லா இருக்குதுங்க அம்மணி" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் ஒரு தாளில் தபால்தலை அளவுக் கட்டங்கள் போட்டார். என் கையில் பென்சில் தரவில்லை, அட்டைப்பெட்டியில் முகவரி எழுதுகிற தடிமனான மார்க்கரைத் தந்தார். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு காளை போட வேண்டும், கண் மூக்கு எதுவும் வேண்டாம், கருப்பாக நிரப்பினால் போதும் என்றார். அந்த மார்க்கரால் கண் வரைவது எப்படியும் நடக்காத காரியம். நான் போட்டேன். தாள் முழுக்க உருளைக்கிழங்கு விளைந்தது. அடுத்த தாளில் நான்கு கால் வைத்த உருளைக்கிழங்கு. மேடம் ஒன்றில் மட்டும் திமில் இருந்த இடத்தில் மார்க்கரால் ஒரு மேடு வைத்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அத்தன பெருசு இருக்காதுங்க மேடம். நான் அளந்து பாத்துட்டுத்தான் வந்தேன்."

"அளந்ததுல தப்பில்லீங்க. பக்கத்துல நின்னு அளந்தீங்க. தூரத்துல ரோட்டு மேல உங்க அண்ணன் வண்டி வந்தா, மொதல்ல எது தெரியுமுங்க?"

யோசித்தேன். "திமிலுங்க."

"பொறவு?"

"கழுத்து. தலையக் குனிஞ்சு, முன்னால தள்ளிட்டு வருமுங்க. பொறவு கொம்பு."

"காலு?"

"காலு எங்கீங்க தெரியும்? ஒரே புழுதியா இருக்கும்."

"தெரியாத காலுக்கு எதுக்குங்க குளம்பெல்லாம் பிளந்து வெச்சிருக்கறீங்க?"

மூன்று நாள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. மார்க்கரும் கட்டங்களும்தான். வரைய வரைய, ஒரு மாட்டைப் பற்றி எனக்கு என்னவெல்லாம் தெரியாது என்பது தெரிந்தது. பிறந்தது முதல் மாட்டோடு வளர்ந்தவள், அதன் கழுத்து எங்கே முடிந்து முதுகு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் விழித்தேன். திமிலை ஏற்றினேன். பின்பக்கத்தை இறக்கினேன். தலையைத் தாழ்த்தி முன்னால் நீட்டினேன். கால்களை ஒட்டக் குறைத்தேன். படம் அப்போதும் அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் பிரபு எதிரில் வந்து, நான் கேட்காமலே, "ஒதுங்கிக்கறேனுங்கக்கா, முட்டிப்போடும்" என்று நகர்ந்து போனான். அவன் அப்படிச் சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அதை வைத்துப் புதுக் காளையைச் செய்தோம். முதலாளி பெரிய திரையில் பார்த்துவிட்டு, "திமில் மேல தேங்காய வெச்சாப்பல இருக்குதுங்களே" என்று முகம் சுளித்தார். மேடம் பேசாமல் போனைக் கையில் கொடுத்தார். அதில் இரண்டு காங்கேயம் காளைகள் புழுதி பறக்க ஓடிக்கொண்டிருந்தன. அந்த வாரமே வெளிநாட்டிலிருந்து சம்மதம் வந்தது. நாயைப் பற்றி அவர்களும் அதற்கப்புறம் பேசவில்லை.

கல்லூரியில் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணிடம் இவ்வளவையும் சொல்ல நேரமில்லை. அவள் விடாமல் மேடைக்கே வந்து, தன் போனில் கம்ப்யூட்டர் வரைந்த காளையைக் காட்டினாள். நாலு வரி எழுதிக் கொடுத்து வாங்கியதாம். அழகான காளைதான். பிரபுகூட அவ்வளவு அழகாக வரைய மாட்டான். அதைச் சின்னதாக்கிக் காட்டச் சொன்னேன். சுருக்கினாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆடு மாதிரி இருக்குதுங்களே மேடம்" என்றாள். "எங்க மாத்தோணும்?" என்று கேட்டேன். அவள் விரலை எடுத்துத் திரையின் மேல் வைத்தாள், ஆனால் எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் மூன்று நாள் மார்க்கரோடு உட்கார்ந்தது அந்த விரலை வைக்கத் தெரிந்துகொள்வதற்குத்தான் என்று அவளிடம் சொன்னேன். அழகாக வரைய வராவிட்டால் பரவாயில்லை, எனக்குக் கடைசிவரைக்கும் வரவில்லை, ஆனால் வரையாமல் இருந்துவிடாதே என்றேன். டிராயிங் ஆசிரியர் முதல்முறையாகக் கையைப் பிரித்தார்.

ஆனால் காளை தேறியதால் நான் தேறிவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். வெளிநாட்டுச் சம்மதம் வந்த மறுநாள் முதலாளி தன் கண்ணாடி அறைக்கு மேடத்தையும் என்னையும் கூப்பிட்டார்.

"மாட்டுக்கு மேடம் கூடவே நின்னு சொல்லிக் குடுத்தாங்க, சரிங்க. அடுத்தாப்பல குதிர வரும், ஒட்டகம் வரும். ஒவ்வொண்ணுக்கும் அவங்களே வந்து நிக்க முடியுங்களா? வரையத் தெரியாதவங்கள ஆர்ட்டிஸ்ட்டுன்னு எப்படீங்க போடறது? மேலயே போயிருங்களேன்."

கேள்வியில் நியாயம் இருந்தது.  மேடம் எனக்காகப் பேசுவார் என்று பார்த்தேன். அவரோ முதலாளியின் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அதன் மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, கைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சாரைப் போடுங்க அம்மணி" என்றார்.

முதலாளி உடனே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்லவேளையாக அப்போது அவருக்குப் போன் வந்தது. போன் வந்தால் அவர் எழுந்துவிடுவார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் கொடுத்து, முன்பக்கம் முழுவதையும் ஜன்னலுக்குக் காட்டி நிற்பார். தினமும் கூடத்தின் மறுகோடியிலிருந்து நாங்கள் பார்க்கிற காட்சிதான். மார்க்கரைத் திறந்தேன். முகம் போடவில்லை, மூக்கு போடவில்லை. தூரத்திலிருந்து எது முதலில் தெரியுமோ அதை முதலில் போட்டேன். அது கட்டத்தைத் தாண்டிக் கொஞ்சம் வெளியேயும் வந்துவிட்டது. பிறகு சாய்ந்த தலை, பின்னால் போன முழங்கை. கீழே கால்களுக்கு இடம் மிஞ்சவில்லை.

கண்ணாடிக்கு வெளியே ஏதோ எடுக்க வந்தவன்போல் போய்க்கொண்டிருந்த பிரபு தாளைப் பார்த்தான். சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான், தோள் மட்டும் குலுங்கியது.

முதலாளி போனை வைத்துவிட்டுத் தாளை எடுத்தார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் போதாதோ என்று ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். எனக்கு மேல்மாடிக் கக்கூஸ் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது.

"ஏனுங்க மேடம்" என்றார் கடைசியில். "என்ற வயிறு இத்தன பெருசுங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். ரோஸ்லின் மேடம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

"அளந்து பாத்தா இத்தன இருக்காதுங்க சார்."

முதலாளி அந்தத் தாளை இன்னொருமுறை பார்த்தார். பிறகு அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரிங்க" என்றார். "மேல்மாடிக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."